எம்.டி.எஸ். நோய்க்கு மருந்து ஆய்வு: வேலூருக்கு வருகிறவர்கள் படிப்படியாகச் செய்ய வேண்டியது

வீட்டில் யாருக்காவது எம்.டி.எஸ். என்ற ரத்தநோய் என்று சொல்லி, "ஒரு ஆய்வு நடக்குது, சேர்றீங்களா?" என்று டாக்டர் கேட்டிருந்தால் இது உங்களுக்குத்தான். கேட்கவில்லை என்றாலும் படியுங்கள். பல சமயம் நாம்தான் முதலில் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது, அதற்கு ஒரு காலமும் இருக்கிறது, அந்தக் காலம் தாண்டிவிட்டால் சில ஆய்வுகளில் சேரவே முடியாது. இது எங்களுக்கு யாரும் சொல்லாமல் தாமதமாகத் தெரிந்த விஷயம்.

நாங்கள் திமிரிப் பக்கம். அம்மாவுக்கு 61 வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடியில் வடகம் காயப்போட ஏறினால் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் ரத்தம் கம்மி என்று எட்டு மாதம் இரும்புச் சத்து மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9-லிருந்து 6-க்கு வந்த பிறகுதான் வேலூருக்குப் போனோம், இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள், நோயின் பெயர் தெரிந்தது. நான் டாக்டர் இல்லை. ஐந்து வருஷம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்த மகன். மருந்து பற்றிய முடிவை உங்கள் டாக்டரோடுதான் எடுக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது, கையில் எதை வைத்துக்கொண்டு கேட்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் நோயின் பெயரை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்

எம்.டி.எஸ். என்றால் மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இதன் பெயரை மைலோடிஸ்பிளாஸ்டிக் நியோபிளாசம் என்று மாற்றியது, அதனால் ரிப்போர்ட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். ரத்த அணுக்கள் எல்லாம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் உற்பத்தியாகின்றன. இந்த நோயில் அங்கே இருக்கும் மூல அணுக்களின் ஜீன்களில் கோளாறு வந்து, அணுக்கள் சரியாக முற்றாமலே உள்ளேயே செத்துவிடுகின்றன. நாற்றங்காலில் நாற்று அடர்த்தியாக நிற்கிறது, ஆனால் பிடுங்கி நடுவதற்குள் அங்கேயே அழுகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் மஜ்ஜை நிறைந்திருந்தும் ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் குறைகிறது. இரும்புச் சத்து மாத்திரை போட்டால் இது சரியாகாது.

பி-12, ஃபோலிக் ஆசிட், தாமிரச் சத்து குறைந்தாலும், சில மருந்துகளாலும், குடியாலும் ரத்தம் இதே மாதிரி காட்டலாம். அதையெல்லாம் பார்த்துத் தள்ளிவிட்டார்களா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். முன்பு வேறு புற்றுநோய்க்குக் கீமோ, கதிர்வீச்சு எடுத்திருந்தாலும், வேலை செய்த இடத்தில் பென்சீன் கலந்த கரைப்பான்களோடு பழகியிருந்தாலும் மறக்காமல் சொல்லுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் தோல், ஷூ, ரசாயனத் தொழிற்சாலைகளில் இருபது முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள் நம் ஊரில் நிறைய. என்ன வேலை, எந்தப் பசை, எந்தக் கரைப்பான் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்வது நல்லது.

ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது நான்கு. பிளாஸ்ட் என்ற இளம் அணுக்கள் எத்தனை சதவீதம் (20-ஐத் தொட்டால் அது ஏ.எம்.எல். என்ற தீவிர ரத்தப் புற்றுநோய்க் கணக்கில் போய்விடும்). குரோமோசோம் பரிசோதனை என்ன சொல்கிறது. ஜீன் பரிசோதனை செய்திருந்தால் எந்த ஜீனில் மாற்றம். கடைசியாக, ஐ.பி.எஸ்.எஸ்.-ஆர் என்ற மதிப்பெண். 2012-ல் வந்த அந்தக் கணக்கு நோயை மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை ஐந்து வகை ஆபத்தாகப் பிரிக்கிறது. 2022-ல் 31 ஜீன்களையும் சேர்த்துப் பார்க்கும் ஐ.பி.எஸ்.எஸ்.-எம் வந்தது.

இந்த நான்கையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எந்த ஆய்வுக்குப் போனாலும் முதல் ஐந்து நிமிஷத்தில் கேட்பது இதைத்தான். குறைந்த ஆபத்து வகையில் ஆய்வுகள் பெரும்பாலும் "ரத்தம் ஏற்றுவதை நிறுத்த முடியுமா" என்று பார்க்கின்றன. அதிக ஆபத்து வகையில் "ஆயுள் கூடுமா, ஏ.எம்.எல்.-ஆக மாறுவது தள்ளிப்போகுமா" என்று பார்க்கின்றன. உங்களுக்கு எது என்று தெரியாமல் இணையத்தில் தேடினால் மற்றவர் நோய்க்கான செய்தியைப் படித்துப் பயப்படுவீர்கள், அல்லது வீணாக நம்பிவிடுவீர்கள்.

ரத்தம் ஏற்றிய நோட்டு

இதை இன்றைக்கே ஆரம்பியுங்கள், மற்ற எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளினாலும் பரவாயில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ரத்தம் ஏற்றிய ஒவ்வொரு தடவையும் தேதி, எந்த மருத்துவமனை, ஏற்றுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் எவ்வளவு, எத்தனை யூனிட், பிளேட்லெட் ஏற்றினார்களா, காய்ச்சல் குளிர் அரிப்பு வந்ததா, இவ்வளவையும் எழுதி, அந்தச் சீட்டையும் பக்கத்திலேயே பின் அடியுங்கள். குறைந்த ஆபத்து எம்.டி.எஸ். ஆய்வுகளில் யாரைச் சேர்ப்பது என்பதே இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. லுஸ்பாடர்செப்ட் மருந்தைச் சோதித்த கமாண்ட்ஸ் ஆய்வில் எட்டு வாரத்துக்கு 2 முதல் 6 யூனிட் சிவப்பணு ஏற்றிக்கொண்டிருப்பவர்களைத்தான் எடுத்தார்கள். இமெடெல்ஸ்டாட் மருந்தின் ஆய்வில் எட்டு வாரத்துக்குக் குறைந்தது 4 யூனிட். வாய் வார்த்தையாக "மாசம் ரெண்டு பாட்டில் ஏத்துவோம் சார்" என்றால் அவர்களால் எழுதிக்கொள்ள முடியாது, காகிதம் வேண்டும்.

எங்களுக்கு இதில்தான் அடி விழுந்தது. அம்மாவுக்கு அவசரத்துக்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் மூன்று தடவை ரத்தம் ஏற்றினோம், சீட்டு எதுவும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு ஒரு ஆய்வுக்கான முதல்கட்டப் பரிசோதனையில் எல்லாம் பொருந்தியும், அந்த மூன்று தடவைக்கு அத்தாட்சி இல்லாததால் சேர்க்க முடியவில்லை. அந்தக் கோஆர்டினேட்டர் பொண்ணு எங்களுக்காக நர்சிங் ஹோமுக்கு இரண்டு முறை போன் போட்டுப் பார்த்தது. அங்கே பதிவேடே கிடைக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஒன்றும் பேசவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

நோட்டுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஒரு யூனிட் ரத்தத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது, அது கல்லீரலிலும் இதயத்திலும் சேர்ந்துகொண்டே போகும். எத்தனை யூனிட் ஏறியது என்று தெரிந்தால்தான் ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) எப்போது பார்க்க வேண்டும், இரும்பை இறக்கும் மாத்திரை வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். பழைய பழக்கத்தில் யாராவது இன்னும் இரும்பு டானிக் கொடுத்துக்கொண்டிருந்தால் உடனே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று. அண்ணன் தம்பி அக்கா தங்கை, பிள்ளைகள் ஓடிவந்து ரத்தம் கொடுப்பார்கள். ரத்த வங்கிக்கு மாற்று ரத்தமாகக் கொடுப்பது சரி. ஆனால் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வாய்ப்பு இருப்பவர் என்றால், ரத்த சொந்தத்தின் ரத்தத்தை நேராக அவருக்கே ஏற்றுவதைத் தவிர்க்கச் சொல்வார்கள், பிறகு அதே ஆள் மஜ்ஜை கொடுக்கும்போது உடம்பு ஏற்காமல் போகலாம். கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

இப்போது என்ன சிகிச்சை இருக்கிறது என்று தெரியாமல் ஆய்வைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்

ஆய்வில் சேராவிட்டால் நமக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் ஒப்பிட முடியும்.

அதிக ஆபத்து வகைக்கு அசசிட்டிடின் ஊசி. 28 நாளுக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு ஏழு நாள். அமெரிக்காவில் 2004-ல் அனுமதி பெற்றது, எம்.டி.எஸ்.-க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான். 2009-ல் வெளியான ஆய்வில் 358 பேரை வைத்துப் பார்த்தபோது, இதை எடுத்தவர்களின் நடுத்தர ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 24.5 மாதம், மற்ற வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களுக்கு 15 மாதம். டெசிட்டபின் என்று இதன் தம்பி மருந்து ஒன்று இருக்கிறது. குறைந்த ஆபத்து வகைக்கு எரித்ரோபாய்ட்டின் என்ற, சிவப்பணுவைக் கூட்டும் ஹார்மோன் ஊசி (ரத்தத்தில் அந்த ஹார்மோன் ஏற்கெனவே 500-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேலை செய்யாது, அதனால் அளவைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்), ஐந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டு விட்டுப்போன வகைக்கு லெனலிடோமைடு, அப்புறம் லுஸ்பாடர்செப்ட். கமாண்ட்ஸ் ஆய்வில் லுஸ்பாடர்செப்ட் எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்குக் குறைந்தது 12 வாரம் ரத்தம் ஏற்றாமலே ஹீமோகுளோபினும் 1.5-ஆவது கூடியது, எரித்ரோபாய்ட்டின் வகை ஊசி எடுத்தவர்களில் 31 சதவீதம். 2024 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமெடெல்ஸ்டாட்டில் எட்டு வாரம் ரத்தம் ஏற்றாமல் இருந்தவர்கள் சுமார் 40 சதவீதம், வெறும் மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 15 சதவீதம்.

நோயையே தீர்ப்பது இன்றைக்கு மஜ்ஜை மாற்று ஒன்றுதான், அதுவும் எல்லோருக்கும் முடியாது. அமெரிக்காவில் 50 முதல் 75 வயதுக்குட்பட்ட 384 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், பொருத்தமான கொடையாளி கிடைத்தவர்களில் மூன்று வருஷம் கழித்து 47.9 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், கிடைக்காதவர்களில் 26.6 சதவீதம். "வயசாயிடுச்சு, இனிமே அதெல்லாம் எதுக்கு" என்று வீட்டில் நாமே முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த எண்களை இங்கே எழுதுகிறேன்.

எப்போது கேட்பது

முதல் அசசிட்டிடின் ஊசி போடுவதற்கு முன்னால். இதுதான் நான் மேலே சொன்ன காலம். அதிக ஆபத்து வகைக்கான புது மருந்து ஆய்வுகள் பலவற்றில், அந்த ஊசியோ டெசிட்டபினோ ஒரு தடவைகூட எடுக்காதவர்களைத்தான் சேர்ப்பார்கள். கமாண்ட்ஸ் ஆய்வும் எரித்ரோபாய்ட்டின் எடுக்காதவர்களுக்கு மட்டும்தான். அதற்காக ஆய்வைத் தேடிக்கொண்டு சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளாதீர்கள், அது பெரிய ஆபத்து. முதல் மருந்தை எழுதும் அன்றைக்கே, "டாக்டர், இதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, எங்களுக்குப் பொருந்துற ஆய்வு ஏதாவது இங்கயோ சென்னையிலயோ இருக்கா?" என்று ஒரு வாக்கியம் கேளுங்கள். இல்லை என்றால் இல்லை, அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கலாம்.

மருந்து பலிக்காமல் போனவர்களுக்கு என்று தனியாக ஆய்வுகள் வருவதும் உண்டு. அதனால் காலம் தாண்டிவிட்டது என்று நினைப்பவர்களும் மறுபடி கேட்கலாம்.

எங்கே பார்ப்பது

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்கென்று அரசுப் பதிவேடு இருக்கிறது, சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். 2007 ஜூலையில் தொடங்கியது, 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளை இதில் பதிவது கட்டாயம். இணையதளம் இலவசம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நோயின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் ஆய்வுகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றிலும் யார் நடத்துகிறார்கள், எந்தெந்த ஊர் மருத்துவமனை, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், பொதுமக்கள் யாரைத் தொடர்புகொள்வது என்பது வரை இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் காலேஜ் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எண்ணைக் கேட்டால் கொடுக்காத ஆய்வில் சேராதீர்கள். காசு கேட்டு "புது மருந்து" தருகிறேன் என்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்) மருத்துவமனையின் ரத்தநோய்ப் பிரிவு இப்போது இருப்பது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள இராணிப்பேட்டை வளாகத்தில். காட்பாடியில் இறங்கி, பழக்கத்தில் ஊருக்குள் இருக்கும் பழைய வளாகத்துக்குப் போய், காந்தி ரோட்டில் அறையும் எடுத்துவிட்டு, காலையில் டோக்கன் நேரத்துக்கு அங்கிருந்து அலறி அடித்து ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதுவும் வங்காளத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள். அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரி தங்குங்கள். ஆய்வில் சேர்ந்தால் வாரம் ஒருமுறைகூட வர வேண்டியிருக்கலாம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆய்வு என்றால் என்ன, எலிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்

ஆய்வு என்று சொன்னதும் பெரியப்பா, "எலிக்குப் போடற மருந்த உனக்குப் போடப் போறாங்க, வேண்டாம்மா" என்றார். அவர் பயத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன், அம்மா மேல் இருந்த பாசம் அது. ஆனால் அவருக்கு நான் ஒரு கதை சொன்னேன், அது நம் வேலூரிலேயே நடந்தது.

ஏ.பி.எல். என்று ஒரு ரத்தப் புற்றுநோய் இருக்கிறது, எம்.டி.எஸ்.-க்குத் தூரத்து சொந்தம். அதற்கு அந்தக் காலத்தில் இருந்த சிகிச்சை நம் ஜனங்களால் செலவு செய்ய முடியாதது. 1998 ஜனவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை சி.எம்.சி. டாக்டர்கள் 72 பேருக்கு ஆர்செனிக் டிரையாக்சைடு என்ற ஒரே மருந்தை வைத்துச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்போமே, அதே பொருள்தான், அளந்து, சுத்தமாக்கி, நரம்பு வழியாக ஏற்றியது. 86 சதவீதம் பேருக்கு நோய் முழுசாக அடங்கியது. 2006-ல் அந்த முடிவு வெளிவந்தது, இன்றைக்கு ஏ.பி.எல். சிகிச்சையில் ஆர்செனிக் உலகம் முழுக்க முக்கிய மருந்து. (இதைப் படித்துவிட்டு யாரும் பாஷாணம் வாங்கப் போகாதீர்கள், கையைக் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அளவு பிசகினால் உயிர் போகும், எம்.டி.எஸ்.-க்கு அது மருந்தும் இல்லை.) அதே சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளிகள் ஐந்து பேருக்குச் செய்த ஜீன் சிகிச்சை ஆய்வு 2024 டிசம்பரில் வெளிவந்தது. அந்த 72 பேரும் இந்த ஐந்து பேரும் விஷயம் தெரிந்து, சம்மதித்து உட்கார்ந்தவர்கள். எலியிடம் யாரும் கையெழுத்து கேட்பதில்லை.

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுசு என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. எம்.டி.எஸ்.-ல் அசசிட்டிடினோடு இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்குமா என்று கடந்த சில வருஷங்களில் பெரிய ஆய்வுகள் வரிசையாக நடந்தன. பெவோனெடிஸ்டாட், மக்ரோலிமாப், சபடோலிமாப், வெனடோகிளாக்ஸ். நான்குமே சின்ன ஆய்வுகளில் நம்பிக்கை தந்தவை. நான்குமே மூன்றாம் கட்டப் பெரிய ஆய்வில், எதிர்பார்த்ததைக் காட்டாமல் நின்றுவிட்டன, மக்ரோலிமாப்பை 2023 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள், வெனடோகிளாக்ஸ் முடிவு 2025 ஜூனில் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் "இது வந்துடும்" என்று காத்திருந்திருக்கும்.

ஆகவே ஆய்வு என்பது ஒரு கேள்வி. பதில் டாக்டருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் கேள்வி என்ன என்று நம் வாயால் தமிழில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அம்மா நாலாவது வரைதான் படித்தவர், இரண்டாவதாக நாங்கள் பார்த்த ஆய்வைப் பற்றி அவரே இப்படிச் சொன்னார்: "பழைய ஊசி மட்டும் போட்டா போதுமா, இந்த மாத்திரையும் கூடச் சேத்தா நல்லாருக்குமான்னு பாக்கறாங்க. எனக்கு எது வரும்னு கம்ப்யூட்டர் சீட்டு குலுக்கிப் போடும்." இவ்வளவு தெரிந்தால் போதும்.

கட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. முதல் கட்டத்தில் எவ்வளவு அளவு தாங்கும் என்று பார்ப்பார்கள், நோய் குணமாகுமா என்பது அங்கே இரண்டாம் பட்சம். இரண்டாம் கட்டத்தில் வேலை செய்கிறதா என்று. மூன்றாம் கட்டத்தில் இருக்கிற சிகிச்சையைவிட மேலா என்று. நான்காவது, மருந்து சந்தைக்கு வந்த பிறகு. உங்களைக் கேட்பது எந்தக் கட்டத்துக்கு என்று தெரிந்தாலே எதை எதிர்பார்ப்பது என்பது பாதி விளங்கிவிடும். மருந்து எதுவும் கொடுக்காமல் ரத்தம், மஜ்ஜை மாதிரியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் ஆய்வுகளும் உண்டு, அதில் மாதிரியை எத்தனை வருஷம் வைப்பார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டால் போதும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

சம்மதப் படிவம் இருபது முப்பது பக்கம் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து அன்றைக்கே போட வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். எங்களுக்கு ஓரிடத்தில் ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்து, "எல்லாம் வழக்கமானதுதான்" என்றார்கள். தமிழில் கேட்டோம், கொஞ்சம் முகம் சுளித்தாலும் மறுநாள் கொடுத்தார்கள். நோயாளிக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பது சட்டம், 2019-ல் வந்த புது மருந்துகள், மருந்து ஆய்வுகள் விதி. படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கூட இருக்க வேண்டும். சில ஆய்வுகளில் சம்மதம் வாங்குவதை வீடியோ எடுப்பார்கள், அது நம் பாதுகாப்புக்குத்தான். கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும், வராமல் எழுந்திருக்காதீர்கள்.

கேட்க வேண்டியவற்றில் காசு விஷயத்தை வெட்கப்படாமல் முதலில் கேளுங்கள். ஆய்வு மருந்து இலவசமா? கூடவே போடும் பழைய மருந்து யார் செலவு? மஜ்ஜை பரிசோதனை, ஸ்கேன், ரத்தம் ஏற்றுவது, பஸ் செலவு, ஒரு நாள் கூலி? கம்பெனி நடத்தும் ஆய்வா, டாக்டர்கள் தாங்களே நடத்தும் ஆய்வா என்பதைப் பொறுத்து இதற்குப் பதில் மாறும். இரண்டாவது வகையில் பணம் குறைவாக இருக்கும், அதனால் அது மட்டமான ஆய்வு என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து, பாதிப்பு வந்தால் என்ன. ஆய்வில் இருக்கும்போது உடம்புக்குக் கெடுதல் வந்தால், தேவைப்படும் வரை அல்லது அது ஆய்வால் வந்ததில்லை என்று நிரூபணமாகும் வரை இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். ஆய்வால்தான் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு, 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயது, நோயின் நிலை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுவார்கள். ஒவ்வொரு ஆய்வையும் நெறிமுறைக் குழு ஒன்று பார்த்து அனுமதித்திருக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர், அதில் சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், ஒரு சாதாரணக் குடிமகன், பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள். அந்தக் குழுவின் போன் எண் படிவத்தில் இருக்கும். டாக்டரிடம் சொல்லத் தயங்குவதை அங்கே சொல்லலாம்.

மூன்றாவது: எந்தக் குழுவில் விழுந்தாலும் ரத்தம் ஏற்றுவதும், தொற்றுக்கு மருந்தும் வழக்கம் போலக் கிடைக்குமா? மருந்தில்லாத ஊசி கொடுக்கும் ஆய்வில் இது ரொம்ப முக்கியம். நான்காவது, மருந்து எங்களுக்கு நன்றாக வேலை செய்து, ஆய்வு முடிந்துவிட்டால் தொடர்ந்து கிடைக்குமா? இதற்கு "பார்க்கலாம்" என்று பதில் வந்தால், படிவத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

நாட்டு மருந்து எடுப்பதை மறைக்காதீர்கள். பிளேட்லெட் ஏறும் என்று பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம், யாரோ வாங்கிவந்த லேகியம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்தால், கல்லீரல் டெஸ்டில் எண் ஏறும்போது மருந்தின் மேல் பழி விழும், அல்லது உங்களை வெளியே எடுத்துவிடுவார்கள்.

சேர்ந்த பிறகு

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் பாரசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வெள்ளையணு குறைந்தவர்களுக்கு அது அவசரம், ராத்திரி இரண்டு மணி என்றாலும் கேஷுவால்டிக்குக் கிளம்புங்கள். ஆய்வு அட்டை என்று ஒன்று தருவார்கள், அதைப் பர்ஸிலேயே வையுங்கள், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாலும் அதைக் காட்டினால் யாருக்குப் போன் செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டில் தெர்மாமீட்டர் இரண்டு இருக்கட்டும். ஒன்று எப்போதும் காணாமல் போகும்.

பொறுமை பற்றி ஒன்று. அசசிட்டிடின் வகை மருந்துகளில் முதல் இரண்டு மூன்று சுற்றில் ரத்த எண்ணிக்கை ஏறாமல் இன்னும் இறங்கும், ரத்தம் அதிகமாக ஏற்ற வேண்டிவரும், பார்க்கிறவர்கள் எல்லாம் "இருந்ததும் போச்சு" என்பார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு சுற்றுகூட ஆகலாம். எந்த நிமிஷத்திலும் காரணம் சொல்லாமல் ஆய்விலிருந்து விலக உங்களுக்கு உரிமை உண்டு, அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் இரண்டாவது சுற்றின் பயத்தில் விலகுவதற்கு முன், இந்த இறக்கம் எதிர்பார்த்ததா எதிர்பாராததா என்று ஒரே ஒரு தடவை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அம்மா மூன்றாவது சுற்றில் போதும் என்றார். கேட்டோம். ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு பத்து வாரம் ரத்தம் ஏற்றவில்லை, அந்தப் பொங்கலுக்கு அவரே வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டார்.

விலகினாலும், ஆய்வு முடிந்தாலும், மூன்று காகிதங்களை வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தக் குழுவில் இருந்தீர்கள் என்பது (எந்தக் குழு என்று சொல்லாமல் ரகசியமாக நடத்தும் ஆய்வு என்றால் எப்போது சொல்வார்கள் என்ற விவரம்), கடைசி மஜ்ஜை ரிப்போர்ட், எடுத்த மருந்துகளின் பெயர், அளவு, தேதி. அடுத்த டாக்டருக்கு, அடுத்த ஆய்வுக்கு இவை இல்லாமல் ஒன்றும் நகராது. ஆய்வின் பதிவு எண்ணை நோட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள், ஒன்றிரண்டு வருஷம் கழித்துப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தால் முடிவு என்ன ஆனது என்று தெரியவரலாம். அம்மாவின் நோட்டில் அந்த எண்ணை அவரே எழுதி வைத்திருக்கிறார், பக்கத்தில் ரேஷன் கடைக்குப் போக வேண்டிய தேதியும் இருக்கிறது.